மூன்று முறை முகவரி கேட்கும் கணினி: குமரி மாவட்டக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் வலையமைப்பு வழி நிறுவல்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குளச்சல் கடற்கரைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்வது என் பணி. இரண்டு அறைகளில் 64 கணினிகள் உள்ளன. அவற்றில் 38 கணினிகள் 2014-இல் வாங்கப்பட்டவை; மின்சாரம் வந்ததும் கணினியை எழுப்பும் உள்நிரல் (ஃபர்ம்வேர்) அவற்றில் பழைய பயாஸ் வகையைச் சேர்ந்தது. நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே. மீதமுள்ள 26 கணினிகள் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய வகையின, அவற்றில் என்.வி.எம்.இ. என்ற வேகமான சேமிப்பகம் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடியவிருந்தது என்பதும், விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு எங்கள் பழைய கணினிகளில் இல்லை என்பதும் தெரிந்திருந்ததால், அந்த ஆண்டு மே மாத விடுமுறையிலேயே எல்லாக் கணினிகளிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவது என்று துறையில் முடிவெடுத்தோம். பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போவது எங்களுக்குப் பழகிய முறைதான். ஆனால் பருவத்துக்கு ஒரு முறையாவது பத்துப் பதினைந்து கணினிகளை மீண்டும் நிறுவ வேண்டியிருப்பதால், இந்த முறை வலையமைப்பு வழியாக, மனிதக் கை படாமல் நடக்கும் ஏற்பாட்டைச் செய்துவிட விரும்பினோம்.

இரண்டு நாளில் முடியும் என்று நினைத்தேன். பதினெட்டு நாட்கள் ஆயின. அந்த நாட்களில் நடந்ததை வரிசையாகக் குறித்து வைத்திருந்ததால்தான் இந்த ஆய்வை எழுத முடிகிறது. நிறுவும் நிரலின் (நிறுவி) கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் சொல்லும் விடைக் கோப்பை எழுத ஒரே மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. பெரும் தடங்கல் எதுவும் அந்தக் கோப்பின் உள்ளே இல்லை. ஒரு நிரல் தன் வேலையை முடித்து அடுத்ததன் கையில் கணினியை ஒப்படைக்கும் இடங்களில்தான் நாங்கள் திரும்பத் திரும்ப விழுந்தோம். பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், தேவைப்பட்டால் என்டர் விசையை அழுத்துவார் என்ற எதிர்பார்ப்பு அந்த ஒவ்வோர் இடத்திலும் சொல்லப்படாமல் பொதிந்திருக்கிறது.

முறை செயல்படும் விதம்

வலையமைப்பு வழியாகக் கணினியைத் தொடங்குவதற்கு இன்டெல் 1999-இல் வெளியிட்ட பி.எக்ஸ்.இ. 2.1 வரையறையைத்தான் இன்றைய கணினிகளும் பின்பற்றுகின்றன. மின்சாரம் வந்ததும் கணினியின் ஃபர்ம்வேர் வலையமைப்பு முகவரிகளை வழங்கும் டி.எச்.சி.பி. நெறிமுறை வழியாக ஒரு முகவரியைக் கேட்கும். பதிலில் முகவரியோடு, எந்தச் சர்வரிலிருந்து எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற தகவலும் வரும். அந்தச் சிறிய கோப்பு டி.எஃப்.டி.பி. என்ற எளிய கோப்பு அனுப்பும் முறை வழியாக இறங்கி ஓடத் தொடங்கி, லினக்ஸின் மைய நிரலான கருவையும் நிறுவியின் தொடக்கக் கோப்பையும் இறக்கும். கரு ஓடத் தொடங்கியதும் நிறுவி மீண்டும் ஒரு முறை முகவரி கேட்கும். பின்பு விடைக் கோப்பை எச்.டி.டி.பி. வழியாகப் பெற்று, வட்டைப் பிரித்து, மென்பொருள் பொதிகளை நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யும். நிறுவப்பட்ட அமைப்பு எழுந்ததும் மூன்றாம் முறையாக முகவரி கேட்கும்.

கேட்பது ஒரே வலையமைப்பு அட்டைதான் என்றாலும், கேட்கும் நிரல்கள் மூன்று. பொறுமையும் அடையாளம் சொல்லும் விதமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. இதை நான் விளங்கிக்கொள்ளவே ஒரு வாரம் ஆனது.

இன்னொரு லினக்ஸான உபுண்டுவை ஏன் எடுக்கவில்லை என்று சக ஆசிரியர்கள் கேட்டார்கள். அதன் சர்வர் பதிப்பை வலையமைப்பு வழியாக நிறுவும்போது ஐ.எஸ்.ஓ. என்ற முழு நிறுவல் கோப்பும் நினைவகத்துக்குள் இறக்கப்படுகிறது, 4 ஜி.பி. மட்டுமே உள்ள கணினியில் அது மிகவும் இறுக்கமாகிவிடும். டெபியனின் நிறுவி தனக்குத் தேவையான பகுதிகளை மட்டும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்கிறது. எங்கள் பழைய கணினிகளுக்கு அதுவே பொருந்தியது.

முதல் தடங்கல்: யார் பதில் சொல்கிறார்கள்?

கல்லூரியின் பொது டி.எச்.சி.பி. சேவை, வெளி ஒப்பந்ததாரர் ஒருவர் நிறுவிய கருவியில் ஓடுகிறது. அதன் அமைப்பை மாற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே முகவரியை அந்தக் கருவியே கொடுக்கட்டும், பூட் (தொடக்கத்) தகவலை மட்டும் எங்கள் சர்வர் தனியாகச் சொல்லட்டும் என்ற பிராக்ஸி முறையை டி.என்.எஸ்.மாஸ்க் என்ற சர்வர் நிரல் கொண்டு அமைத்தேன். பழைய பயாஸ் கணினிகள் இரண்டு பதில்களையும் சேர்த்துப் புரிந்துகொண்டன. யு.இ.எஃப்.ஐ. கணினிகளில் ஒரு பகுதி, முகவரியைப் பெற்றுக்கொண்டு பூட் தகவலைக் கண்டுகொள்ளாமல் வட்டுக்குத் திரும்பின. ஃபர்ம்வேர் தயாரிப்பாளர்கள் இந்த முறையை ஒரே சீராகச் செயல்படுத்தவில்லை என்பது இத்துறையில் பலரும் சந்தித்த அனுபவம். இரண்டு நாள் போராடிய பின்பு, ஆய்வகத்தின் இரண்டு சுவிட்சுகளையும் கல்லூரி வலையமைப்பிலிருந்து பிரித்து, அவற்றுக்கான டி.எச்.சி.பி. பொறுப்பை எங்கள் சர்வருக்கே கொடுத்துவிட்டேன். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

பிரித்த பிறகும் இரண்டாவது அறையில் சில கணினிகள் எங்கள் சர்வருக்குத் தொடர்பே இல்லாத முகவரி வரிசையைப் பெற்றன. மேசைக்கு அடியில் தேடியபோது ஒரு பழைய வைஃபை ரௌட்டர் கிடைத்தது. கருத்தரங்கு ஒன்றுக்காக யாரோ கொண்டுவந்து, அதன் லேன் துளையில் எங்கள் கேபிளைச் செருகி, எடுக்க மறந்திருந்தார்கள். இரண்டு சேவைகள் இருந்தால் முந்திச் சொல்பவரே வெல்வார் என்பதுதான் டி.எச்.சி.பி.யின் இயல்பு, கேட்பவருக்கு உண்மையான சர்வர் எது என்று அறிய வழியே இல்லை. பாதுகாப்பு நோக்கில் இது சிறிய செய்தி அல்ல. அந்த ரௌட்டரின் இடத்தில் தீய நோக்கம் கொண்ட ஒருவரின் மடிக்கணினி இருந்திருந்தால், எங்கள் கணினிகள் அவர் கொடுத்த இயங்குதளத்தை எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏற்றிக்கொண்டிருக்கும். சுவிட்சில் அங்கீகரிக்கப்பட்ட துளையிலிருந்து மட்டுமே டி.எச்.சி.பி. பதிலை அனுமதிக்கும் அமைப்பை அன்றே இயக்கினேன்.

பயாஸ், யு.இ.எஃப்.ஐ. இரண்டுக்கும் வெவ்வேறு பூட் கோப்பு வேண்டும். கணினி தன் வகையை டி.எச்.சி.பி. கோரிக்கையின் 93-ஆம் விருப்பத்தில் ஓர் எண்ணாகச் சொல்கிறது: பயாஸ் என்றால் 0, 64 பிட் யு.இ.எஃப்.ஐ. கணினிகள் நடைமுறையில் 7 என்கின்றன, சில 9 என்கின்றன. 7-க்கு மட்டும் விதி எழுதியிருந்ததால் இரண்டு கணினிகள் ஒதுங்கி நின்றன. கையொப்பமில்லாத நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்காமலே வேலையை முடிக்க விரும்பியதால், கையொப்பமிடப்பட்ட ஷிம், கிரப் என்ற பூட் ஏற்றிகளைப் பயன்படுத்தினேன். அந்தக் கிரப் தன் அமைப்புக் கோப்பை டெபியன் வகுத்துள்ள அடைவில் மட்டுமே தேடும். கோப்புகளை என் வசதிக்கேற்ற அடைவுக்கு மாற்றியபோது அது எதுவும் சொல்லாமல் கட்டளைக் குறியில் நின்றுவிட்டது.

ஐந்து வினாடி

இந்த முழு வேலையிலும் நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்தத் தடங்கலில்தான். ஃபர்ம்வேர் முகவரி பெற்றது, கரு இறங்கியது, நிறுவியின் திரையும் வந்தது. ஆனால் அங்கே, தானியங்கி முறையில் முகவரி பெற முடியவில்லை என்று அறிவித்து நிறுவி நின்றது. ஒரு நிமிடம் முன்பு இதே கேபிளில், இதே சர்வரிடமிருந்து முகவரி வாங்கிய கணினி அது. சர்வரின் பதிவேட்டில் இரண்டாவது கோரிக்கை வந்ததற்கான சுவடே இல்லை. 'ரீட்ரை' கொடுத்தால் உடனே கிடைத்தது. மனிதர் ஒருவர் நின்றிருந்தால் இது தடங்கலாகவே தோன்றியிருக்காது. என்டரை அழுத்திவிட்டுப் போயிருப்பார்.

காரணம் சுவிட்சில் இருந்தது. வலையமைப்பில் சுழல் ஏற்படாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறையின் பழைய வடிவம், ஒரு துளையில் இணைப்பு புதிதாக எழும்போதெல்லாம் 15 வினாடி கவனித்து, பின்னும் 15 வினாடி கற்றுக்கொண்ட பிறகுதான் அந்தத் துளை வழியே தரவை அனுப்பத் தொடங்கும். ஃபர்ம்வேரிடமிருந்து கருவுக்கு வலையமைப்பு அட்டை கைமாறும்போது, புதிய டிரைவர் அட்டையை மீட்டமைப்பதால் இணைப்பு ஒரு கணம் விழுந்து எழுகிறது. 30 வினாடிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. பி.எக்ஸ்.இ. வரையறைப்படி ஃபர்ம்வேர் 4, 8, 16, 32 வினாடி என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே கேட்பதால், அதன் பொறுமை ஒரு நிமிடம் வரை நீள்கிறது. டெபியன் நிறுவியின் இயல்புப் பொறுமையோ 25 வினாடி. அந்த ஐந்து வினாடிக் குறைவுதான் எங்களை மூன்று நாள் நிறுத்திவைத்தது.

காத்திருப்பு நேரத்தை 60 வினாடியாக உயர்த்தி விடைக் கோப்பில் எழுதினேன். பலன் இல்லை. சற்று யோசித்தபோதுதான் புரிந்தது: விடைக் கோப்பு வலையமைப்பு வழியாக வருவது, வலையமைப்பு எழும் முன்பு அதில் உள்ள எந்த வரியும் நிறுவிக்குத் தெரியாது. கிணற்றுக்குள் விழுந்த கயிற்றை எடுக்க அதே கயிற்றைத் தேடுவது போன்றது இது. வலையமைப்பு எழுவதற்கு முன்பு தேவைப்படும் விடைகள் அனைத்தும், அதாவது காத்திருப்பு நேரம், எந்த அட்டையைப் பயன்படுத்துவது, விடைக் கோப்பு இருக்கும் இடம் ஆகியவை, கருவின் கட்டளை வரியிலேயே போக வேண்டும். மொழி, விசைப்பலகை பற்றிய கேள்விகளும் இயல்பாக அதற்கு முன்பே எழுவன. தானியங்கி முறையை அதே கட்டளை வரியில் இயக்கினால், விடைக் கோப்பு வந்து சேரும் வரை அவை தள்ளிவைக்கப்படுகின்றன. அதோடு, கணினிகள் செருகப்பட்ட துளைகளை ஓரத் துளைகள் என்று சுவிட்சில் குறித்து, 30 வினாடிக் காத்திருப்பையே நீக்கினேன். இரண்டில் ஒன்று போதும் என்றாலும் இரண்டையும் வைத்திருக்கிறேன். சுவிட்ச் பழுதாகி வேறொன்று வந்தால், அதன் அமைப்பை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

உப்புக் காற்றும் இடி மின்னலும்

மூன்றாவது வரிசையில் மட்டும் தொடக்கக் கோப்பு பாதியில் நின்றுவிடும். 1992-இல் தற்போதைய வடிவம் பெற்ற டி.எஃப்.டி.பி., இயல்பாக 512 பைட்டுத் துண்டு ஒன்றை அனுப்பி, அது சேர்ந்ததற்கான ஒப்புதல் வந்த பிறகே அடுத்ததை அனுப்புகிறது. துண்டுகளுக்கு 16 பிட்டில் எண்ணிடுவதால், அந்த அளவில் சுமார் 32 எம்.பி.யோடு எண்கள் தீர்ந்துவிடும். அதன் பிறகு பூஜ்யத்திலிருந்து தொடர்வதா நிற்பதா என்பதில் நிரல்களுக்குள் ஒருமைப்பாடு இல்லை. வலையமைப்பு அட்டைக்கான ஃபர்ம்வேர் கோப்புகளையும் தொடக்கக் கோப்போடு நான் இணைத்திருந்ததால், அது இந்த வரம்பைத் தாண்டியிருந்தது. ஆனால் அது எல்லா வரிசைகளுக்கும் பொதுவான குறை. மூன்றாவது வரிசை மட்டும் முன்கூட்டியே நின்றதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

கேபிள் முனைகளைக் கழற்றிப் பார்த்தபோது, பித்தளை நிறத் தொடுமுனைகளில் பச்சை படிந்திருந்தது. சன்னலோர வரிசை அது. மேற்கிலிருந்து வரும் உப்புக் காற்று ஆண்டுக்கணக்கில் அதன்மேல் பட்டிருக்கிறது. கிகாபிட் வேகத்துக்கு நான்கு இணைக் கம்பிகளும் நன்றாக இருக்க வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு இணைகள் போதும். அந்த வரிசையின் துளைகள் 100-க்கு இறங்கி, துண்டுகளையும் இழந்துகொண்டிருந்தன. இணையப் பக்கங்களைப் பார்க்கும் மாணவருக்கு இது தெரிய வராது. விழுந்த துண்டை இணையத்தின் டி.சி.பி. நெறிமுறை சத்தமின்றித் திரும்ப அனுப்பிவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் காத்திருக்கும் டி.எஃப்.டி.பி.யில்தான் அந்த நோய் வெளிப்பட்டது. முனைகளைப் புதிதாகக் கிரிம்ப் செய்தோம். பூட் ஏற்றியை மட்டும் டி.எஃப்.டி.பி.யில் விட்டுவிட்டு, கருவையும் தொடக்கக் கோப்பையும் எச்.டி.டி.பி. வழியாக இறக்கும்படி மாற்றியதில் 32 எம்.பி. சிக்கலும் தீர்ந்தது.

2025-இல் தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் மே 24 அன்றே தொடங்கிவிட்டது. அதற்கு முந்தைய வாரங்களிலும் மாலைதோறும் இடியும் மின்தடையும் இருந்தன. நீண்ட மின்தடைக்குப் பின் ஒரு காலையில், முந்தைய நாள் ஒழுங்காக நிறுவலுக்கு வந்த ஏழு கணினிகள் வலையமைப்பைத் தேடவே இல்லை. வேறு இரண்டு, நிறுவலின் பாதியில் பொதிப் பட்டியலை ஏற்க மறுத்தன. இரண்டுக்கும் வேர் ஒன்றே: மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பேட்டரி செத்துவிட்டிருந்தது. பேட்டரி போனால் பயாஸ் அமைப்புகள் ஆலை நிலைக்குத் திரும்பும். வலையமைப்பு பூட் அணைந்துவிடும். நாள்காட்டியும் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பட்டியலில் உள்ள வெளியீட்டுத் தேதி கணினியின் கடிகாரத்துக்கு எதிர்காலமாகத் தெரிவதால், பொதிகளை இறக்கும் ஏ.பி.டி. நிரல் அதை இன்னும் செல்லுபடியாகாதது என்று தள்ளுகிறது. நிறுவி தொடக்கத்திலேயே என்.டி.பி. என்ற நேர நெறிமுறை வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்ய முயல்கிறது என்றாலும், நாங்கள் பிரித்துவைத்த வலையமைப்பிலிருந்து வெளியே போக அதற்கு வழி இல்லை. எங்கள் சர்வரிலேயே க்ரோனி என்ற நேரச் சேவையை இயக்கி, அதன் பெயரை விடைக் கோப்பில் கொடுத்தேன். மார்த்தாண்டத்தில் பேட்டரி வாங்கிவந்து, பழைய 38 கணினிகளிலும் மாற்றினோம்.

வட்டும் பென் டிரைவும்

இதை எழுதுவது எனக்கு எளிதல்ல. பழைய கணினிகளில் வட்டின் பெயர் எஸ்.டி.ஏ.; புதியவற்றில் என்.வி.எம்.இ. என்று தொடங்கும். இரண்டுக்கும் ஒரே விடைக் கோப்பு பொருந்த வேண்டும் என்பதற்காக, நிறுவி பட்டியலிடும் முதல் வட்டை எடுத்துக்கொள்ளும் ஒற்றை வரியை எழுதினேன். பரவலாகப் பயன்படுத்தப்படும் வரிதான் அது. இரண்டாவது அறையில் ஒரு கணினியின் பின்புறத் துளையில், மாணவி ஒருவர் மறந்துவிட்டுப் போன பென் டிரைவ் இருந்தது. பட்டியலில் அதுவே முதலாவதாக வந்தது. நிறுவி அதை அழித்து, அதன்மேலேயே எழுதத் தொடங்கியது. அவருடைய ஆய்வறிக்கை வரைவு அதில் இருந்தது. மின்னஞ்சலில் ஒரு பழைய படி கிடைத்ததால் ஓரளவு மீட்டுக்கொண்டார். வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன்.

அந்த ஒற்றை வரியின் இடத்தில் இப்போது ஒரு சிறு நிரல் இருக்கிறது. யு.எஸ்.பி. வழியாக இணைந்த எதையும் அது ஒதுக்கிவிடும். கழற்றத்தக்கதா என்று கரு தரும் குறியீட்டை மட்டும் நம்புவதில்லை. வெளி ஹார்டு டிஸ்க் பல சமயம் அந்தக் குறியீட்டில் கழற்ற முடியாததாகவே தெரியும். மீதமுள்ள வட்டு ஒன்றுக்கு மேல் இருந்தால், தேர்ந்தெடுக்காமல் நின்று, திரையில் சிவப்பு எழுத்தில் அறிவிக்கும். கை படாமல் நடப்பது என்ற எங்கள் நோக்கத்துக்கு இது முரணாகத் தோன்றலாம். அழிக்கும் செயலுக்கு முன்பு சந்தேகம் வந்தால், மனிதரைக் கூப்பிடுவதே சரி என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

எல்.வி.எம். என்ற லினக்ஸ் வட்டு மேலாண்மை முறையின் பழைய பிரிவுகள் இருந்த கணினிகளில், அவற்றை நீக்கலாமா என்ற கேள்வி எழுந்து நிறுவல் நின்றது. வட்டைப் பிரிப்பது குறித்த உறுதிக் கேள்விகள் தனித்தனியாக உள்ளன. ஒன்றுக்குச் சொன்ன விடை மற்றொன்றுக்குச் செல்லாது என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி வரி வேண்டும்.

முடிவில்லா நிறுவலும் நகர்ந்துபோன களஞ்சியமும்

ஒரு மாலை பயாஸ் கணினிகள் அனைத்தையும் தொடங்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் ஆய்வக உதவியாளர் தொலைபேசியில் அழைத்தார்: "சாரே, எல்லாம் திரும்பவும் முதல்லேருந்து போட்டுக்கிட்டு இருக்கு." யு.இ.எஃப்.ஐ. கணினிகளில் கிரப் நிறுவப்படும்போது, பூட் வரிசையில் டெபியன் முதலிடத்துக்கு வந்துவிடுகிறது. பயாஸில் அப்படி எதுவும் நடக்காது. வலையமைப்பு முதலில் என்று வைத்தால், மறுதொடக்கத்தில் மறுபடி வலையமைப்புக்கே வந்து, மறுபடி நிறுவலுக்கே போகும். இரவு முழுவதும் 38 கணினிகள் நிறுவி அழித்து நிறுவியிருந்தன. இப்போது சர்வரின் இயல்பு விடை, வட்டிலிருந்து தொடங்கு என்பதே. எந்தக் கணினியை நிறுவ வேண்டுமோ அதன் வலையமைப்பு அட்டைக்கே உரிய எண்ணான மேக் முகவரியின் பெயரில் ஒரு கோப்பை வைத்தால் மட்டுமே நிறுவல் தொடங்கும். நிறுவலின் கடைசிப் படியில் கணினியே சர்வரை அழைத்து, தன் பெயரிலுள்ள கோப்பை நீக்கச் சொல்லும்.

மே 17 அன்று டெபியன் 12.11 வெளியானது. அதற்கு அடுத்த வேலைநாளில், அதுவரை சீராக நடந்த நிறுவல், கருவுக்கான கூறுகள் கிடைக்கவில்லை என்று எல்லாக் கணினிகளிலும் நின்றது. நாங்கள் எதையும் மாற்றவில்லை. ஏப்ரலில் இறக்கிவைத்திருந்த கருவும் தொடக்கக் கோப்பும் 12.10-ஐச் சேர்ந்தவை, டெபியன் மென்பொருள்களை வைத்திருக்கும் களஞ்சியமோ புதிய கருவுக்கான கூறுகளுக்கு நகர்ந்துவிட்டது. இரண்டும் ஒரே வெளியீட்டைச் சேர்ந்தவையாக இருந்தாக வேண்டும். இப்போது இரவுதோறும் ஒரு சிறு நிரல், களஞ்சியத்தில் உள்ள நிறுவிக் கோப்பை எங்களுடையதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் புதியதை இறக்கிவைக்கிறது. பொதிகளைச் சர்வரில் உள்ள ஏ.பி.டி. கேச்சர் என்ற இடைச்சேமிப்பு நிரல் வழியாக எடுப்பதால், முதல் கணினிக்காக மட்டுமே சர்வர் இணையத்தைத் தொடுகிறது; மற்றவை சர்வரில் சேமித்ததைப் பெறுகின்றன.

மூன்றாவது முகவரி

நிறுவப்பட்ட கணினிகளுக்கு இருக்கை எண்ணே பெயர். அந்தப் பெயரை மேக் முகவரியைப் பார்த்து டி.என்.எஸ்.மாஸ்க் கொடுக்க வேண்டும். சில கணினிகள் முதல் தொடக்கத்தில் வேறு முகவரியோடும் பெயரில்லாமலும் எழுந்தன. ஃபர்ம்வேர் முகவரி கேட்கும்போது கணினியின் தனித்த அடையாள எண்ணைச் சொல்கிறது. நிறுவப்பட்ட அமைப்பு வேறோர் அடையாளத்தைச் சொல்கிறது. மேக் ஒன்றே என்றாலும் சேவைக்கு இவர்கள் இருவர். ஒதுக்கிய முகவரி ஏற்கெனவே முதலாமவரிடம் இருப்பதால், இரண்டாமவருக்கு வேறொன்று கிடைக்கிறது. அந்த அடையாளத்தைப் பொருட்படுத்தாமல் மேக்கை மட்டும் பார் என்று ஒதுக்கீட்டு வரியில் சேர்த்ததும் சரியானது.

விடைக் கோப்பை, ஆய்வகத்தில் அமர்ந்திருக்கும் எந்த மாணவரும் உலாவியில் திறந்து படிக்கலாம். ஆகவே அதில் கடவுச்சொல்லின் ஹாஷ் வடிவம், அதாவது நேரடியாகப் படிக்க முடியாதபடி மாற்றிய வடிவம், மட்டுமே இருக்கிறது. அதுவும் நிறுவல் முடிந்து முதல் முறை உள்நுழையும் வரைக்குமான கடவுச்சொல். நிர்வாகம் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான தொலை இணைப்பின் திறவுகோல் வழியாக நடக்கிறது. தமிழ்த் துறை மாணவர்களும் இங்கே தட்டச்சு செய்வதால், தமிழ் எழுத்துருக்களும், ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியே தமிழ்99 விசைப்பலகையும் எல்லாக் கணினிகளிலும் முதல் தொடக்கத்திலேயே தயாராக இருக்கின்றன.

கடைசிச் சுற்றில் 64-இல் 59 கணினிகள் கை படாமல் முடிந்தன. மூன்று கணினிகள், ஒன்றுக்கு மேற்பட்ட வட்டு இருந்ததால் நின்றன. மீதி இரண்டும் யு.இ.எஃப்.ஐ. வகை, ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் வரை பூட் கோப்பை ஏற்காததால், பென் டிரைவ் வழியாக நிறுவினோம்.

ஜூன் மூன்றாம் வாரத்தில் ஒரு மின்னலுக்குப் பிறகு, இரண்டாவது வரிசையில் ஒரு கணினியின் மதர்போர்டை மாற்ற வேண்டியிருந்தது. மதர்போர்டு மாறினால் மேக் முகவரியும் மாறும். பழைய பெயர் புதிய அட்டைக்குத் தெரியாது. உதவியாளர் சுவரில் ஒட்டிவைத்துள்ள இருக்கைப் பட்டியலில் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுதினார். சர்வரிலும் அந்த ஒரு வரியைத் திருத்திவிட்டு, கணினியை இயக்கி, அடுத்த அறைக்குப் போனார். பாடவேளை முடியும் முன்பு அது தன் இருக்கை எண்ணோடு உள்நுழைவுத் திரையில் நின்றது.